கப்பல் டின்னருக்கு வேட்டி கட்டிப் போனால் யாருக்கு என்ன நஷ்டம்?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் முழுவதும் படியுங்கள். பாதி படித்துவிட்டுச் சண்டைக்கு வராதீர்கள். முப்பத்தாறு வருடம் பாடம் நடத்தியவன், சுருக்கமாகச் சொல்ல வராது.

போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். எட்டு முழ வேட்டி, முழுக்கை வெள்ளைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரத்தோடு நான். பக்கத்தில் பட்டுப்புடவையில் வீட்டுக்காரம்மா. பின்னால் சொகுசுக் கப்பலின் சாப்பாட்டுக் கூடம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் எங்களை நான்கு இரவுக் கப்பல் பயணம் கூட்டிப் போயிருந்தான். மரீனா பே முனையத்தில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அங்கே எடுத்த படம்தான் அது.

படத்துக்குக் கீழே என் பழைய மாணவர் ஒருவர், "சார், கப்பல் டின்னருக்குக் கோட் சூட் போட வேண்டாமா? வேட்டியை விடுகிறார்களா?" என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். இன்னொருவர், "இடத்துக்குத் தகுந்த மாதிரி உடுத்தத் தெரியாதா?" என்று கேட்டிருந்தார். அதில் மரியாதை இல்லை. இரண்டு பேருக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

நான்காம் நாள் முழுவதும் கடலில்தான். முதல்நாள் இரவே அறைக்குள் ஒரு தாள் வந்துவிட்டது. நாளை இரவு 'ஃபார்மல் நைட்', ஆண்கள் கோட்டும் டையும் அணியலாம் அல்லது தங்கள் நாட்டு மரபு உடையில் வரலாம் என்று அதில் போட்டிருந்தது. நான் இரண்டு தடவை படித்தேன். வாத்தியார் புத்தி, கேள்வித்தாளை இரண்டு தடவை படிக்காமல் பதில் எழுத மாட்டேன். மகன் மட்டும் தயங்கினான். "அப்பா, கோட் வாடகைக்குக் கிடைக்குதாம். ஒரு ராத்திரிதானே?" என்றான். நான் பதில் சொல்வதற்குள் அவன் அம்மா முந்திக்கொண்டார். "என்னைப் பட்டுப்புடவை எடுத்து வையுன்னு நீதானே போன் பண்ணிச் சொன்னே? எனக்குப் புடவை சரின்னா அவருக்கு வேட்டி எப்படித் தப்பாகும்?" மகன் அதற்கு மேல் பேசவில்லை.

ஆறு மணிக்கு வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். லிஃப்ட் வாசலில் நம்மூர்க்காரர் ஒருவர், குழுவாக வந்தவர்களில் ஒருவர், நல்ல கோட் போட்டிருந்தவர், என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சார், தப்பா நினைக்காதீங்க. இது கல்யாண வீடு இல்லை. போய் பேன்ட் மாத்திட்டு வந்துடுங்க. வெள்ளைக்காரங்க எல்லாம் இருக்காங்க, நமக்குத்தானே அசிங்கம்?"

நான் மாற்றவில்லை. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நின்ற தலைமைப் பணியாளர் எங்கள் மேசை எண்ணைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டார், அவ்வளவுதான். பரிமாறிய பையன் பிலிப்பைன்ஸ்காரன். என் அங்கவஸ்திரத்தின் கரையைப் பார்த்து, இது உங்கள் ஊர் உடையா என்று கேட்டான். அவர்கள் ஊரில் கல்யாணத்துக்கும் அரசு விழாவுக்கும் 'பாரோங்' என்ற மெல்லிய சட்டை உண்டு, அதைப் போட்டால் கோட் தேவையில்லை என்று பெருமையாகச் சொன்னான். அசிங்கம் என்ற சொல்லை அந்தக் கப்பலில் நான் கேட்டது ஒரே ஒருவர் வாயிலிருந்துதான். அவர் பேசியது தமிழ்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

'கோட்தான் நாகரிகம், மற்றதெல்லாம் நாட்டுப்புறம்' என்பவர்களுக்கு ஒரு சரித்திரப் பாடம். இன்று கப்பல் டின்னரின் உச்சம் என்று சொல்கிறார்களே, கறுப்புக் குட்டைக் கோட், 'டக்ஸீடோ', அது பிறந்தபோது உச்சமான உடை அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கனவான்கள் இராச்சாப்பாட்டுக்கு உட்காரும்போது பின்னால் வால் தொங்கும் நீளக் கோட் போட வேண்டும். அது இம்சை என்று அன்றைய வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னர், வீட்டில் சாவகாசமாகச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ள வால் இல்லாத குட்டைக் கோட் ஒன்றை லண்டன் சாவில் ரோவில் இருந்த ஹென்றி பூல் தையலகத்தில் தைக்கச் சொன்னார் என்பது அந்தக் கடை சொல்லும் வரலாறு. ஆண்டு 1865. பிறகு அது அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க்குக்குப் பக்கத்தில் டக்ஸீடோ பார்க் என்ற பணக்காரர் குடியிருப்பின் பெயரை ஒட்டிக்கொண்டது. அதாவது, தாத்தா காலத்துச் சௌகரிய உடை பேரன் காலத்தில் சட்டமாகிவிட்டது. வால் இல்லாமல் வந்தவனைப் பார்த்து அன்றைக்கும் யாராவது 'அசிங்கம்' என்று முகம் சுளித்திருப்பார்கள்.

கப்பல் கம்பெனிகளே இதில் ஒரே கருத்தில் இல்லை. கூனார்டு கப்பல்களில் இன்றும் 'காலா' இரவு உண்டு, அன்று கோட்டும் டையும்தான். ஆனால் ஸ்காட்லாந்துக்காரர் கட்டும் கில்ட்டுக்கும், அந்தந்த நாட்டு மரபு உடைக்கும் அங்கே இடம் இருக்கிறது. நார்வீஜியன் கம்பெனி 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே 'ஃப்ரீஸ்டைல்' என்று சொல்லிக் கோட்டுக் கட்டாயத்தை விட்டுவிட்டது. செலிபிரிட்டி 2015-இல் ஃபார்மல் இரவுக்குப் பெயரை மாற்றி, விதியைத் தளர்த்தியது. இவர்களே இப்படி மாற்றிக்கொண்டிருக்கும்போது, நம்மாள் மட்டும் 1900-இல் நின்றுகொண்டு லிஃப்ட் வாசலில் காவல் காக்கிறார்.

கில்ட் என்பது என்ன? முழங்கால் தெரியக் கட்டும் கட்டம்போட்ட கம்பளித் துணி. அதைக் கட்டிக்கொண்டு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் வந்தால் நம்மாள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்வார். கணுக்கால் வரை மறைக்கும் வேட்டியைக் கண்டால் முகம் சுருங்கும். இந்தோனேசியாவில் முழுக்கை பாத்திக் சட்டை போட்டால் அதுவே விசேஷ உடை. மியான்மரில் இடுப்பில் கட்டும் லோஞ்சிதான் மரியாதை உடை. அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கட்டினார்கள், உலகம் ஏற்றுக்கொண்டது.

இன்னும் பெரிய சபை வேண்டுமா? 2019 டிசம்பர், ஸ்டாக்ஹோம். நோபல் பரிசு வழங்கும் விழா. உலகத்திலேயே உடை விஷயத்தில் மிகக் கறாரான மேடைகளில் ஒன்று. ஆண்கள் வால் கோட், வெள்ளை வில் டை. அந்த மேடையில் பொருளாதாரப் பரிசு வாங்க வந்த அபிஜித் பானர்ஜி வேட்டி கட்டி வந்தார். கூடப் பரிசு பெற்ற அவர் மனைவி எஸ்தர் டஃப்லோ பிரான்ஸில் பிறந்தவர், புடவை கட்டி வந்தார். சுவீடன் மன்னர் கையால் வாங்கிக்கொண்டு போனார்கள். மன்னருக்கு ஒன்றும் ஆகவில்லை. மன்னர் முன்னால் செல்லுபடியான வேட்டி, மூன்று கறி, ஒரு ஐஸ்கிரீம் போடும் டின்னருக்குச் செல்லாதா?

நம்மூர்க் கதைக்கு வருவோம். 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு புத்தக வெளியீடு. உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் வேட்டி கட்டிப் போனார். உள்ளே விடவில்லை. பெரிய சத்தம் எழுந்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் எந்த கிளப்பும் சங்கமும் வேட்டி கட்டியவரைத் தடுக்கக் கூடாது. தடுத்தால் உரிமம் போகும், ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். நல்ல சட்டம், நான் கைதட்டினேன். ஆனால் பாருங்கள், பஹாமாஸ் கொடியோ பனாமா கொடியோ பறக்கவிட்டு நடுக்கடலில் போகும் கப்பலுக்கு அந்தச் சட்டம் எட்டாது. அங்கே எனக்கு அந்தச் சட்டம் தேவைப்படவும் இல்லை, ஏனென்றால் கப்பல்காரன் தடுக்கவில்லை. தடுத்தது நம் மண்டைக்குள் இருக்கும் காவல்காரன். அவனுக்கு எந்தச் சட்டமன்றம் அபராதம் போடும்?

ஜனவரி 6 வேட்டி தினம் வந்தால் அலுவலகம் முழுக்க வேட்டி கட்டிப் படம் போடுகிறோம். பொங்கலுக்கு ஒட்டிக்கோ வேட்டியில் குடும்பப் படம். மிச்ச நாளெல்லாம், நாலு அந்நியர் நடுவில், அது அசிங்கம். வருடத்துக்கு இரண்டு நாள் பெருமைப்படுவதைப் பெருமை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இத்தனையும் படித்துவிட்டு, 'சார் நம்ம கட்சி, உடை விதியே வேண்டாம் என்கிறார்' என்று அரைக்கால் சட்டைக்காரர்கள் கைதட்ட வேண்டாம். அடுத்த பாடம் உங்களுக்குத்தான்.

அதே இரவு, அதே கூடத்தில், அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் ரப்பர் செருப்புமாக இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்தில் அவர்கள் வீட்டுப் பெண்கள் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. அந்தப் பெண்கள் கிளம்ப ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். இவர்கள் நீச்சல் குளத்திலிருந்து நேராக வந்தது போல இருந்தார்கள். வாசலில் கேட்டதற்கு, "காசு கொடுத்து வந்திருக்கோம், எங்க இஷ்டம்" என்றார்கள்.

காசு கொடுத்தது உண்மைதான். ஆனால் அந்தக் கூடத்தில் சாப்பிடும் ஆயிரம் பேரும் காசு கொடுத்தவர்கள்தான். பந்தி என்பது தனி ஆள் சமாச்சாரம் இல்லை. நம்மூர்ப் பந்தியில் ஈரத் துண்டோடு வந்து உட்கார்ந்தால் பாட்டி என்ன சொல்லுவாள்? எழுந்துபோய்ச் சட்டை போட்டுக்கொண்டு வா என்பாள். அவள் எந்த ஃபார்மல் நைட்டைக் கண்டாள்?

பரிமாறுபவரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கழுத்து வரை பொத்தான், இறுக்கமான வெயிஸ்ட்கோட், தேய்த்த கால்சட்டை. கப்பல் தொழிலாளருக்கான சர்வதேச விதிப்படி ஒரு நாளில் 14 மணி நேரம் வரை, ஏழு நாளில் 72 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அத்தனை நேரமும் அந்த உடையில் நின்று, மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல், உங்களுக்கு முன்னால் தட்டு வைக்கிறான். அவனுக்கு முன்னால் அக்குள் தெரிய உட்கார்ந்துகொண்டு விரலைச் சொடுக்குவது சுதந்திரம் இல்லை. உடுத்தி வருவது கப்பல் கம்பெனிக்குச் செய்யும் மரியாதை அல்ல. கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவருக்கும், சமைத்துப் பரிமாறுகிறவருக்கும் செய்யும் மரியாதை. அந்த மரியாதையைக் கோட்டாலும் செய்யலாம், வேட்டியாலும் செய்யலாம், பாரோங்காலும் செய்யலாம். செய்யாமல் இருக்கத்தான் கூடாது.

அதனால், உடை விதி வேண்டும் என்கிற கட்சிதான் நான். ஆனால் விதியை எப்படிச் சொல்வது, யார் சொல்வது, எங்கே சொல்வது என்பதில் எனக்கு ஒரு கடன் இருக்கிறது. இதுவரை எழுதாததை இப்போது எழுதுகிறேன்.

1994 என்று நினைவு. நான் உதவி ஆசிரியர். பள்ளி ஆண்டு விழா. மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார் என்று எங்களுக்கெல்லாம் ஒரே பதற்றம். பெற்றோர் 'ஒழுங்கான உடையில்' வர வேண்டும் என்று முடிவு. அதை வீடுகளுக்குச் சொல்லி அனுப்பினோமா என்றால், இல்லை. வாசலில் நிற்க என்னைப் போட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கையெழுத்துக்கு முதல் பரிசு. அவன் அப்பா கல்குவாரியில் வேலை. வேலையிலிருந்து நேராக வந்தார், லுங்கியில், முகம் மட்டும் கழுவிக்கொண்டு. நான் அவரிடம், "வீட்டுக்குப் போய் வேட்டி கட்டிக்கிட்டு வாங்க" என்றேன். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். "சரிங்க சார்" என்று போனார். திரும்பி வரவில்லை. வீட்டில் வேட்டி இருந்ததா என்று நான் கேட்கவில்லை. பையன் மேடையில் பரிசை வாங்கும்போது அதிகாரியைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தான். வாசலில் நான்தான் நின்றுகொண்டிருந்தேன்.

லிஃப்ட் வாசலில் அந்தக் கோட்டுக்காரர் குரலைத் தாழ்த்தியபோது எனக்குக் கோபம் வருவதற்கு முன்னால் இந்த ஞாபகம்தான் வந்தது. அன்று நான் வேட்டியை வைத்து லுங்கியை நிறுத்தினேன். இன்று அவர் கோட்டை வைத்து வேட்டியை நிறுத்தப் பார்த்தார். எனக்காவது திரும்பிப் பார்க்காமல் உள்ளே போகும் தைரியம் இருந்தது. மகன் வாங்கிக் கொடுத்த டிக்கெட் இருந்தது, தாளில் எழுதிய விதி இருந்தது. அந்த மனிதருக்கு என்ன இருந்தது?

தலைமை ஆசிரியரான பிறகு எந்த விழாவிலும் வாசலில் ஆள் போடவில்லை. ஆனால் அதை வைத்து அந்த 1994 கணக்கு நேராகிவிடாது.

ஆகவே, கப்பலோ கல்யாண மண்டபமோ பள்ளிக்கூடமோ, ஆண்கள் சாப்பாட்டுக்கும் சபைக்கும் என்ன உடுத்துவது என்பதில் என் கருத்தை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் பழக்கம், மன்னிக்கவும்.

1. விதி இருந்தால் கிளம்பும் முன்பே தெரிய வேண்டும். பெட்டி கட்டும்போது தெரிய வேண்டியதை வாசலில் சொல்வது விதி அல்ல, அவமானம்.

2. 'கோட்' என்று எழுதும் இடத்தில் 'அல்லது உங்கள் ஊர் மரபு உடை' என்றும் எழுத வேண்டும். எழுதியிருந்தால், அதை நம்பி நாம் உடுத்திப் போக வேண்டும். எழுதிய பிறகும் பயப்படுவது நம் தவறு.

3. உடுத்த விருப்பம் இல்லாதவருக்கும், வசதி இல்லாதவருக்கும் வேறு இடத்தில் அதே சாப்பாடு கௌரவமாகக் கிடைக்க வேண்டும். கப்பல்களில் பஃபே கூடம் இருக்கிறது, அங்கே அரைக்கால் சட்டையோடு தாராளமாகச் சாப்பிடலாம். அது நியாயமான ஏற்பாடு. அதை விட்டுவிட்டு ஃபார்மல் கூடத்து வாசலில் சட்டம் பேசுவதுதான் அநியாயம்.

4. வேட்டி கட்டுகிறவர்களும் ஒழுங்காகக் கட்டுங்கள். கரை நேராக, கணுக்கால் வரை. நாற்காலிக்கு இடையில் மடித்துக் கட்டிக்கொண்டு நடக்காதீர்கள். மேல்தளத்தில் காற்று ஆளைத் தள்ளும், ஆகவே இடுப்பில் பெல்ட் போடுங்கள். (வீட்டுக்காரம்மாவின் கட்டளை. ஒட்டிக்கோ வேட்டியைக் கேலி செய்து வந்த நான், இந்த ஒரு விஷயத்தில் தோற்றேன்.) நழுவுகிற வேட்டி மட்டுமல்ல, நழுவுகிற பேன்ட்டும் அசிங்கம்தான்.

5. வீட்டுப் பெண்கள் ஒரு மணி நேரம் உடுத்திக்கொண்டு வந்தால், நாம் பத்து நிமிடமாவது உடுத்த வேண்டும்.

"அப்படியானால் லுங்கியில் வந்தால்?" என்று யாராவது கேட்பீர்கள். கேளுங்கள். மியான்மரில் அதே மாதிரித் துணியைக் கட்டி அரசு விருந்துக்குப் போகிறார்கள். இலங்கையில் வெள்ளைச் சாரம் கட்டி நாடாளுமன்றத்துக்குப் போகிறார்கள். லுங்கியைத் தாழ்ந்தது என்று ஆக்கியது துணி அல்ல, அதைக் கட்டியவர் செய்த வேலையை நாம் பார்த்த பார்வை. துவைத்த லுங்கியும் நல்ல சட்டையுமாக ஒருவர் வந்தால், என் மேசையில் என் பக்கத்து நாற்காலி அவருக்கு. இதை 1994-இல் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கோட்டுக்காரர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் கோட் நன்றாகத்தான் இருந்தது, அவருக்குப் பொருத்தமாகவும் இருந்தது. கோட் போடுகிறவர்கள் போடுங்கள். நான் வேட்டி கட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். கட்டி வந்தவரை வாசலில் நிறுத்தாதீர்கள். குரலைத் தாழ்த்திச் சொன்னாலும் அது நிறுத்துவதுதான். ஒரு தடவை அதைச் செய்தவன் சொல்கிறேன்.

பகிர விரும்புவோர் பகிரலாம். மறுப்பவர்கள் மரியாதையோடு மறுக்கலாம், எழுத்துப்பிழை இல்லாமல்.